தொழில் என்கிற கட்டம்

ரோலாவில், ஜூஸ் கடைக்கு மேலே டைப்பிங் சென்டர்.
எனக்கு முன்னால் ஐந்து பேர், ஒரு கைக்குழந்தை,
ஏசி சொட்டும் வாளி.

பாஸ்போர்ட்டை விரித்து அஷ்கர் வாசிக்கிறான்:
இமெல்டா மச்சாது. பிறந்த ஊர் மணப்பாடு.
"தொழில்?"
நடனம் அமைப்பேன். தட்டுகிறான்.
வரையவும் செய்வேன். நிறுத்துகிறான்.
"ஒண்ணு மதி, சேச்சி. ஒரு கட்டம்தான் இருக்கு."

இருபத்தாறு வருடமாக இந்தக் கட்டத்தில்
யார்யாராகவோ இருந்துவிட்டேன்.

முதலில் தையல் மேற்பார்வையாளர்.
எனக்கு ஊசியில் நூல் கோக்க வராது.
பர்துபாய் சேலைக்கடைக் கண்ணாடிக்குள்
பதினொரு பொம்மைகளுக்கு உடுத்திவிடுவதுதான் வேலை.
கடை அடைத்தபின் கைகளைக் கழற்றி மாற்றி மாட்டுவேன்.
ஒருத்திக்கு இரண்டும் இடது கை.
ஒருத்தி யாரையோ தடுக்கிறாள்.
ஒருத்தி, தடுத்த கை தன்னுடையதுதானா என்று பார்க்கிறாள்.
காலையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள்
சாலைக்கு முதுகு காட்டி நிற்கத் தொடங்கினார்கள்.
முதலாளி லால்வானி மூன்று நாள் பார்த்தார்,
நூறு திர்ஹம் கூட்டிக் கொடுத்தார்,
நான்காம் நாள் "கையை ஒழுங்கா மாட்டு" என்றார்.

அடுத்து, கணக்கர். இதில் கொஞ்சம் உண்மை உண்டு.
கராமா ஃபிளாட்டில் சாயங்காலங்களில்
தையும் தத்தத் தையும் தாம் என்று
பிள்ளைகளின் கால்களை எட்டெட்டாக எண்ணிக்கொண்டிருந்தேன்.
கீழ்வீட்டு எகிப்தியர் விளக்குமாற்றால் கூரையை இடிப்பார்,
எப்போதும் அரை மாத்திரை பிந்தி.
அந்தப் பிந்தலை வைத்தே ஒரு ஜதி கட்டினேன்.
அரங்கேற்றத்தில் ஒரு தாய் என் காதோரம் கேட்டார்:
"மேடம், பொண்ணு தாளம் விடுறாளா?"

பிறகு ஒன்பது வருடம் இல்லத்தரசி.
வேலை செய்ய அனுமதி இல்லை என்று முத்திரை.
அப்போதுதான் அதிகம் வேலை செய்தேன்.
ஆகஸ்ட் நண்பகல், அல் நஹ்தாவில் ஒரு காலி பார்க்கிங்,
ஒரு வாளித் தண்ணீர்.
பாதம் நனைத்து சிமெண்டில் ஆடினால்
கோடு விழும்; அடுத்த கோட்டுக்குள் முதல் கோடு மறையும்.
பார்த்தவர் வாட்ச்மேன் தில்பகதூர் ஒருவர்தான்,
கையில் நிறுத்துக் கடிகாரம் போல் நோக்கியா.
"முப்பத்தெட்டு செகண்ட். குதிகால் கடைசியா காயுது."
அதற்குமுன் அது எனக்குத் தெரியாது.
அன்றிலிருந்து எல்லாவற்றையும் குதிகாலில் தொடங்கினேன்.

படமெடுத்து அனுப்பினேன்.
இது நடனம் என்றார்கள் கலைக்கூடத்தார்.
இது ஓவியம் என்றார்கள் நடன விழாக்காரர்கள்.
இரண்டு கடிதமும் ஒரே செவ்வாய்க்கிழமை.
ஆறு வருடம் கழித்து ஒரு மியூசியம் வாங்கிக்கொண்டது:
வாளி ஒன்று, நான்கு வரிக் குறிப்பு,
நாற்பத்தைந்து டிகிரிக்குக் கீழே
நிகழ்த்தக் கூடாது என்று ஒப்பந்தம்.
(கணவர், பல் மருத்துவர்,
அதற்குள் இன்னொரு பல் மருத்துவரிடம் போயிருந்தார்.
முத்திரையும் கூடவே போனது.)

அஷ்கர் பின்னால் நிற்கும் வரிசையைப் பார்க்கிறான்.
பட்டியலில் முதலில் வந்த எதையோ தட்டுகிறான்.
நான் எட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த கட்டிடத்தில் கைரேகை.
கரி, சுண்ணாம்பு, உப்புத்தாள், தரை என்று
விரல்நுனிகள் தேய்ந்துபோயிருக்கின்றன.
மெஷின் சிவப்பு. மறுபடியும் சிவப்பு.
அதிகாரிப் பெண் ஷேலாவை ஒதுக்கிக்கொண்டு எழுந்து வந்து
என் மணிக்கட்டைப் பிடிக்கிறாள்.
"அழுத்தாதே. விடு. கையை எனக்குக் கொடு."

கொடுக்கிறேன்.
நாற்பத்தொன்பது வயதில் முதல்முறையாக
வேறொருவர் என்னை அசைக்கிறார்:
நகத்தின் ஓரத்திலிருந்து ஓரம் வரை, மெல்ல, உருட்டி.

கண்ணாடித் தட்டில் விரலின் ஈரம்.
அவள் துணி எடுப்பதற்குள்,
எண்ணினேன், நான்கு செகண்ட்.